எனக்கு அடுத்த வருஷத்து வகுப்பு

ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒரே வகுப்பறையில் வைத்துப் படிப்பிக்கலாமா என்ற கேள்விக்கு நான் பல மேடைகளில் பதில் சொல்லியிருக்கிறேன். திருப்பதியில் தர்க்கவியல் விரிவுரையாளராக இருந்த காலத்தில் ஆசிரியர் கூட்டம், பெற்றோர் கூட்டம், திருச்சபையின் வாலிபர் கூட்டம் என்று எங்கே இந்தப் பொருள் எழுந்தாலும் என்னை அழைப்பார்கள். நான் சேர்ந்து படிப்பதை ஆதரித்துப் பேசுவேன். என் வாதங்கள் ஒழுங்காக இருக்கும். ஒருவரையொருவர் வளரும் பருவத்திலேயே அறிந்துகொள்வார்கள். அறிவுக்குப் பால் வேறுபாடு இல்லை என்பதைக் கண்ணால் காண்பார்கள். பிற்காலத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து வேலை செய்யும்போது கூச்சமும் குறும்புப் பார்வையும் இருக்காது. கேட்டவர்கள் கை தட்டுவார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் பெண்களைப் பெண்கள் பள்ளியிலேயே சேர்ப்பார்கள்.

அந்த வாதங்களில் ஒன்றையும் நான் இப்போது திரும்பப் பெறவில்லை. ஆனால் என்னிடம் இருந்த எல்லாவற்றிலும் வலுவான சான்றை எந்த மேடையிலும் நான் வைத்ததில்லை. அந்தச் சான்று என் பொறாமை. மதிப்பில்லாத ஒன்றைப் பார்த்து ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் பொறாமைப்பட முடியாது. நான் பட்டிருக்கிறேன், இன்றும் படுகிறேன். ஆகையால் அது மதிப்புள்ளது. தர்க்கம் இவ்வளவுதான்.

என் மனைவி சென்ற ஆண்டு காலமானாள். அவள் இருந்தவரை இதை எழுதியிருக்க மாட்டேன்.

சித்தூரில் நான் படித்தது மிஷனைச் சேர்ந்த ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. சாலையின் எதிர்ப்புறத்தில் பெண்கள் பள்ளி. நடுவில் ஒரு தார்ச்சாலையும் இரண்டு மதில்களும். காலை ஜெப வேளையில் பெண்களின் குரல் பாட்டாக மதிலைத் தாண்டி எங்களுக்கு வரும். பேச்சாக ஒருபோதும் வந்ததில்லை. எனக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்வரை என் வயதுடைய ஒரு பெண்ணோடு நான் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அது அறுபதுகளின் நடுப்பகுதி. இதை ஒரு குறையாக அன்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மாவட்டம் ஆந்திராவோடு போன பிறகு தெலுங்குப் பிரிவுகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. தமிழ்ப் பிரிவுகள் மெலிந்துகொண்டே வந்தன. எங்கள் தமிழ்ப் பிரிவில் சபைக் குடும்பத்துப் பிள்ளைகளும், விடுதியில் தங்கிப் படித்த எல்லைக் கிராமத்துப் பிள்ளைகளுமாக ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தோம். என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் பங்காருபாளையத்துக்காரன். அவனுடைய நைனா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தவர். கோடையில் அவன் சட்டையிலிருந்து மாம்பால் வாசனை வரும். கடைசி வருஷம், பொதுத் தேர்வு நெருங்கிய சமயத்தில் அவனுக்கு அம்மை போட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தேர்வு எழுதாததால் மறு வருஷமும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. நான் பிரிவில் முதலாவதாகத் தேறினேன். எனக்கு ஒரு பேனாவும் வேதாகமமும் பரிசளித்தார்கள். அவனுக்காகவும் ஒரு பரிசு காத்திருந்தது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

நான் புகுமுக வகுப்புக்குத் திருப்பதி போன அந்த வருஷம் எதிர்ப்புறப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு ஆசிரியை ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடப்படவில்லை. கடைசி வகுப்பில் தமிழில் படித்த பெண்கள் மிகச் சிலர். அவர்களுக்காக ஒரு பிரிவை நடத்த முடியாது. தெலுங்குக்கு மாற்றினால் தேர்வில் தவறுவார்கள். கடைசியில் சாலையைக் கடக்கச் செய்து எங்கள் பள்ளியில் சேர்த்தார்கள். சில பெற்றோர்கள் பெண்களை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் வந்தார்கள். சித்தூரில் தமிழ் தேய்ந்ததால் விளைந்த நன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதலில் ஆராதனையில் உட்காருவதுபோலப் பையன்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமுமாகவே உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே பார்வைகளும் துண்டுக் காகிதங்களும் பறந்தன. பாடம் நடக்கவில்லை. அப்போது கணக்கு சார் ஒரு தீர்வு கண்டார். மிகக் கண்டிப்பான மனிதர்; திருமணம் செய்துகொள்ளாதவர். ஒரு பையனுக்குப் பக்கத்தில் ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் ஒரு பையன் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தால் வெட்கத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. சில வாரங்கள் கணிப்பு பலித்தது. வகுப்பு கல்லறைபோல இருந்ததாம். அதன் பிறகு அந்த வகுப்பு வாயை மூடவே இல்லை. ஆனால் மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போனதால் தலைமையாசிரியர் அந்த ஏற்பாட்டில் கை வைக்கவில்லை.

தசரா விடுமுறைக்குச் சித்தூர் வந்தபோது ஆராதனை முடிந்த வாசலில் பங்காருபாளையத்துக்காரன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“டேய், எம்பக்கத்துல இப்ப ஒரு பொண்ணு குந்திக்கினு கீதுடா.”

“பேசுவாயா?”

“நான் எங்க பேசறது? அதுதான் உடாம பேசிக்கினே கீது. உன்ன மாதிரி கெடையாது. நீ கணக்கப் போட்டுக் கையால மறைச்சிக்குவ. அது நோட்டத் தள்ளி வெச்சிக் காட்டுது. அப்பவும் தப்பாப் போட்டன்னா மண்டையில கொட்டுது.”

“ஒரு பெண் உன்னைக் கொட்டுகிறாளா?”

“பயங்கரமா வலிக்குதுடா,” என்றான். அவ்வளவு சந்தோஷமாக யாரும் வலியைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றுதான் அந்தப் பொறாமை தொடங்கிற்று. அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அது. என் முழங்கை தேய்த்த பலகை அது. நான் நன்றாகப் படித்த காரணத்தால் அதைவிட்டு எழுந்து போனேன். நோயில் விழுந்தவன் அங்கேயே உட்கார்ந்திருந்து எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டான்.

பிறகு நான் பெண்களோடு சேர்ந்து படித்தும் இருக்கிறேன். திருப்பதியில் எம்.ஏ. வகுப்பில் பெண்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்கான ஓய்வறையில் காத்திருந்து, பேராசிரியர் வரும்போது அவர் பின்னால் வரிசையாக நுழைவார்கள். முன் பெஞ்சில் உட்கார்வார்கள். மணி அடித்ததும் அவர் பின்னாலேயே வெளியேறுவார்கள். இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் அவர்களுடைய பின்னல்களைத்தான் எனக்குத் தெரியும், முகங்களைத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் இருத்துவது சேர்ந்து படிப்பதாகாது என்றும், இருபது வயதுக்கு மேல் தொடங்கினால் காலம் கடந்துவிடுகிறது என்றும் நான் மேடைகளில் அழுத்திச் சொன்னது இந்த அனுபவத்திலிருந்துதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. சித்தூர் சபைக் குடும்பத்துப் பெண். ஆசிரியப் பயிற்சி முடித்தவள். பெரியவர்கள் பார்த்து முடித்தார்கள். அவள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது பேச்சில் வரவில்லை. விருந்தின்போது வாழ்த்துச் சொல்ல வந்த வரிசையில் பங்காருபாளையத்துக்காரன் வந்தான். முகத்தில் அம்மைத் தழும்புகள். தோளில் புதுத் துண்டு. அதற்குள் அவன் சொந்தமாக மாங்காய் மண்டி வைத்திருந்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கி, “வாழ்த்துகள் சார்,” என்றான். என் படிப்பும் வேலையும் அவன் வாயிலிருந்த ‘டேய்’ என்ற சொல்லை எடுத்துப் போட்டுவிட்டிருந்தன. அதன் பிறகு என் பக்கத்தில் திரும்பி, “இன்னாமே, கடசில எம்பழைய பெஞ்சுக்காரனையே கட்டிக்கினியா?” என்றான்.

மாலையும் முக்காடுமாக நின்றிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. உதடும் அசைந்ததாகத் தெரியவில்லை. “மூடிக்கினு போய்த் துன்னுடா,” என்றாள்.

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொந்த வாக்கியம் அது. அதற்கு முன் கேட்டதெல்லாம் போதகர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்ன உடன்படிக்கைதான்.

மணவாழ்வின் முதல் வருஷத்தில் நாங்கள் ஒரே ரயிலுக்குக் காத்திருக்கும் இரண்டு பயணிகளைப்போல ஒருவரிடம் ஒருவர் மரியாதையாக இருந்தோம். அவள் என்னை ‘ஏங்க’ என்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். நானும் கடுமையானவன் அல்லன். ஒரு பெண்ணிடம் விரிவுரையாகவோ வேண்டுகோளாகவோ அன்றி வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

மாம்பழக் காலத்தில் அவன் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். நான் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அவன் கூடையோடு சமையலறை வாசலுக்குப் போய்விட்டான்.

“இன்னாமே, இப்டி எளைச்சிப் பூட்ட? சார் சோறு போடறது இல்லியா?”

“நாந்தாண்டா அவருக்குப் பொங்கிப் போடறேன்.”

“அதாம்மே அவரும் எளைச்சிக் கீறாரு.”

அவள் சிரித்தாள். மூச்சு அடைத்து, இருமி, மறுபடியும் தொடங்கும் சிரிப்பு. என் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. விடைத்தாளில் ஒரே விடைக்கு இரண்டு முறை மதிப்பெண் போட்டிருந்தேன். அடித்துத் திருத்தினேன்.

பிறகு குரல் தாழ்ந்தது. “ஊட்ல பேச்சுச் சத்தமே கெடையாதுடா. சாயங்காலம் ஆனா காது அடைச்சிக்குது,” என்றாள். “ரேடியோ ஒண்ணு வாங்கச் சொல்லுமே,” என்றான் அவன். “அது பேசும், நீ பதில் சொல்லத் தேவ இல்ல.” மறுபடியும் சிரிப்பு.

அவள் காது அடைத்துக்கொண்டிருந்த செய்தி கதவின் இந்தப் பக்கம் இருந்த எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

அவன் போன பிறகு கேட்டேன். “ஓர் ஆண்பிள்ளையிடம் இவ்வளவு சகஜமாகப் பேசலாமா?”

“எந்த ஆம்பள?”

“இப்போது வந்து போனவன்.”

“அவனா?” அவள் உண்மையாகவே யோசித்தாள். “அவன ஆம்பளன்னு நான் நெனச்சதே இல்லீங்க. அவன் எங்க பெஞ்சு.”

“நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான்.”

“நீங்க அதுக்கு முந்தின வருசம்,” என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொன்னாள். அந்தத் தகவலோடு நான் பல வருஷங்கள் வாழ்ந்தேன். ஒவ்வொரு கோடையிலும் கூடை வரும். அவளுடைய மற்ற வகுப்புத் தோழர்களும் திருமலைக்குப் போகும் உறவினரை வழியனுப்ப வந்தாலோ, ஆஸ்பத்திரிக்கு வந்தாலோ எங்கள் வீட்டில் தலை காட்டுவார்கள். ஆண்களும் பெண்களும் அவளை ‘மே’ என்பார்கள், ‘அடி’ என்பார்கள். என்னைச் ‘சார்’ என்பார்கள். நான் ஏதாவது ஒரு புத்தகத்தோடு உள்ளே போய்விடுவேன். போகும்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். அடுத்த தெருவிலேயே நல்ல பெண்கள் பள்ளி இருந்தது. ஊரின் மறுகோடியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்று. எங்கே சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் முதல் முறையாக உரத்த வாக்குவாதம் வந்தது. எங்களை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்: சேர்ந்து படிக்க வேண்டும் என்றது நான். பெண்கள் பள்ளியே போதும் என்றது அவள்.

“நீயா இப்படிச் சொல்கிறாய்?” என்றேன்.

“நாந்தாங்க. சேந்து படிச்சி நான் இன்னாத்தக் கண்டேன்? ஒவ்வொரு கூட மாம்பழத்துக்கும் உங்க மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கணும். அவளும் நாளைக்கு நாலு பேரோட வாடா போடான்னு வளருவா. அப்பறம் தனியா படிச்ச ஒருத்தனுக்குத்தான குடுக்கப் போறோம்? ஊர்ல முக்காவாசி உங்கள மாதிரிதான கீறாங்க. அவன் மூஞ்சிய இவ பாத்துக்கினு நிக்கணுமா?”

நான் மேடைகளில் எதிர்கொண்ட எந்த ஆட்சேபமும் இவ்வளவு திடமாக இருந்ததில்லை.

“எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்க வேண்டும்,” என்றேன். “இந்த வீட்டில் அது இல்லாதவனாக நான் ஒருவன் போதும்.”

அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். பள்ளி திறப்பதற்குள் அவளுடைய வகுப்புத் தோழர்களை ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு அழைக்க வேண்டும். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. அவர்கள் எழுந்திருக்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். “அதுக்கப்பறம் சொல்றேன்,” என்றாள்.

மே மாதத்து வெயிலில் அவர்கள் வந்தார்கள். பங்காருபாளையத்துக்காரன் வழக்கம்போலக் கூடையோடு. திருப்பதியிலேயே ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த ஒரு பெண். சூளூர்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்த, அதிகம் பேசாத ஒருவர். இன்னும் சிலர். எல்லோருக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது. கூடத்தில் இலை போட்டபோது யாரும் சொல்லாமலே ஓர் ஆண், ஒரு பெண் என்று கணக்கு சாரின் வரிசையில் உட்கார்ந்தார்கள். என் மனைவி பரிமாற நின்றாள். எங்கள் வீட்டில் அவள் எப்போதும் எனக்குப் பரிமாறிவிட்டுப் பிறகுதான் சாப்பிடுவாள்.

“நீயும் குந்துமே,” என்றான் பங்காருபாளையத்துக்காரன். “எல்லாருக்கும் கையி கீது, எடுத்துப் போட்டுக்குவாங்க. சார் பக்கத்துல எடம் கீது பாரு.”

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருமணமாகிப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அன்றுதான். அதுவும் வேறொருவன் சொல்லி.

எழுந்து போகவில்லை. போகத்தான் விரும்பினேன். அவர்கள் ஒருவர் இலையிலிருந்து ஒருவர் அப்பளத்தை எடுத்தார்கள். யாரோ ஒருத்தியின் தேர்வுப் பயத்தைப் பற்றி ஆரம்பித்து முடிக்காமலே எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முடிவு தெரியாது. எதையாவது பேச வேண்டும் என்பதால் எனக்குத் தெரிந்த வகையில் பேசினேன். “சேர்ந்து படித்ததனால் உங்களுக்கு விளைந்த நன்மை என்ன என்று நீங்கள் கருதுகிறீர்கள்?”

நர்ஸ், “அடி, உங்க வூட்டுக்காரரு கேள்வித்தாள் குடுத்துட்டாருடி,” என்றாள். “எத்தினி மார்க்கு சார்?”

“கட்டுரை வினா,” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

“நான் நர்சிங்ல சேந்தப்ப,” என்றாள் நர்ஸ், “ஆம்பள வார்டுன்னா கூட இருந்த பொண்ணுங்களுக்குக் கை நடுங்கும் சார். எனக்கு நடுங்கல. இவனுங்களப் பாத்து வளந்தவ. இதுங்கள விடக் கேவலமாவா இருக்கப் போறாங்கன்னு ஊசியப் போட்டுட்டேன்.”

“எனுக்கு ஒரு நன்மையும் இல்ல சார்,” என்றான் பங்காருபாளையத்துக்காரன். “மண்ட வீங்கினதுதான் மிச்சம்.”

சூளூர்பேட்டைக்காரர் இலையைப் பார்த்தபடியே சொன்னார். “எனக்கு மூணும் பொண்ணுங்க சார். மூணாவது பொறந்தப்ப எங்க ஊட்ல எல்லாரும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு குந்திட்டாங்க. எனக்கு ஏன்னே புரியல. பொண்ணுன்னா எனக்கு இவங்கதான தெரியும்? இவங்கள மாதிரி மூணு பேரு ஊட்ல கீறது நல்லதுதானன்னு இருந்திச்சி.”

யாரும் கேலி செய்யவில்லை. நர்ஸ் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

அத்தனை மேடைகளில் நான் அடுக்கிய காரணங்களுக்குள் இது ஒன்று இருந்ததில்லை. நான் என் மகள் பிறந்த நாளை நினைத்துக்கொண்டேன். அன்று நான் வருத்தப்படவில்லை. ஆனால் மகிழ்வதற்கு இவர்களைப்போல ஒரு பெண்ணையும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த ரயில்வேக்காரரைப் பார்த்து எனக்கு உண்டான பொறாமை, பங்காருபாளையத்துக்காரன் மேல் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அவர்கள் போன பிறகு என் மனைவி இலைகளை எடுத்துக்கொண்டே, “சேத்துடுங்க,” என்றாள்.

“ஏன் மனம் மாறினாய்?”

“மூஞ்சி இன்னிக்கும் அப்டித்தான் இருந்திச்சி. ஆனா நீங்க எழுந்து போகல.”

ஜூனில் பள்ளி திறந்த நாள் இருவருமாகப் போய் மகளை விட்டோம். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பையன்களும் பெண்களும் ஒரே குழாயடியில் தண்ணீருக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி நடக்கும்போது என் மனைவியின் கண் கலங்கியிருந்தது. மகளை விட்டு வந்த வருத்தம் என்று நினைத்தேன்.

“அது இல்லீங்க. எனக்கு என்னோட மொத நாளு நெனப்பு வந்துச்சி,” என்றாள். “ரோட்டத் தாண்டி அந்தப் பள்ளிக்கூடத்துல நொழஞ்சப்ப பசங்கல்லாம் ரெண்டு பக்கமும் வரிசையா நின்னுக்கினு வேடிக்க பாத்தானுங்க. ஒருத்தி அங்கயே வாந்தி எடுத்துட்டா. இனிமே வரவே மாட்டேன்னு ஊட்ல அழுதேன். நைனாதான் மறுநாளு இழுத்துக்கினு வந்து உட்டாரு. அப்பறம் பெஞ்சு மாத்தினாங்க. அம்ம போட்டவன் பக்கத்துல ஒரு பையனும் குந்த மாட்டேன்னுட்டான், ஒட்டிக்கும்னு. பொண்ணுங்களும் மாட்டேன்னாங்க. நான் அழுது மூஞ்சி வீங்கிக் கீறேன், யாரு சொன்னாலும் கேக்கற நெலமையில இல்ல. என்னக் கொண்டு போயி அவன் பக்கத்துல தள்ளிட்டாங்க. அவனும் அழுதுக்கினு இருந்தான். அப்டித்தான் ஆரம்பிச்சிது.”

“இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை.”

“நீங்க கேட்டீங்களா? நன்மதான கேட்டீங்க.”

இந்த விவரம் என் பொறாமையைக் குறைத்திருக்க வேண்டும். நான் ஒரு நந்தவனமாகக் கற்பனை செய்திருந்த இடம் அவளுக்கு முதலில் அவமானமாக இருந்திருக்கிறது. ஆனால் பொறாமை கூடிற்று. அவள் சிரித்த வேளையில் மட்டுமே பக்கத்தில் இருந்தவன் என்று நான் நினைத்தவன், அவள் அழுத வேளையிலும் இருந்திருக்கிறான். அதை நான் அவளிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவளிடம் அவ்வளவு நேராக வேறெதையும் சொன்னதில்லை.

அவள் நின்றுவிட்டாள். பிறகு நடந்தாள். பள்ளியிலிருந்து வீடு வருகிற வழி நெடுக அந்த வருஷத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் நன்றாகத்தான் சொன்னாள். ஆனாலும் கேட்பது வேறு, அங்கே இருப்பது வேறு.

சென்ற ஆண்டு அவள் அடக்கத்துக்கு அவளுடைய வகுப்புத் தோழர்களில் மிஞ்சியிருந்தவர்கள் வந்தார்கள். சபையார் என் கையைப் பிடித்து வசனங்கள் சொன்னார்கள், நான் தலையசைத்தேன். பங்காருபாளையத்துக்காரன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றான். “இன்னாமே இது, எழுந்திருமே,” என்று அதட்டினான். “நாங்கல்லாம் வந்து கீறோம், நீ பாட்டுக்குப் படுத்துக்கினு கீற.” பிறகு வாய்விட்டு அழுதான். நர்ஸ் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு அவனோடு சேர்ந்து அழுதாள். நான் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தேன்.

என் மகள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உறவுப் பெண்கள் எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. அவள் கணவர் எனக்கு மருமகனாக எவ்வளவு நல்லவரோ அவ்வளவு தயங்குகிறவர். சற்றுத் தள்ளி நின்றார். அடக்கம் முடிந்து திரும்பியபோது அவளோடு பள்ளியில் படித்த ஒருவர் வந்தார். நரைத்த தலை, கண்ணாடி. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, “துன்னியா இல்லியாமே?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். “எழுந்து வா. நானும் துன்னல,” என்றார். அவள் எழுந்தாள். இருவரும் பின்கட்டுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் இடையில் அழுதாள், அவர் காத்திருந்தார், மறுபடியும் சாப்பிட்டாள். மருமகன் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உறவுப் பெண்கள் எனக்கான சாப்பாட்டைத் தனித் தட்டில் போட்டு, மூடி, மேசைமேல் வைத்துவிட்டு, கதவை ஓசையின்றிச் சாத்திக்கொண்டு போனார்கள்.